விரதத் திரை

உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரம் இருக்கிற மணி பிளான்டுக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள், மேடம். பாசத்தில்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் இலை மஞ்சளாகிவிட்டது பாருங்கள். தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதைவிட அன்பில் அழுகிச் சாவதுதான் அதிகம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். வீரபத்திரன் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். குளவி கொட்டி இறந்தார் என்பது சரிதான், அதில் பிழை இல்லை. சில விவரங்கள் விடுபட்டிருக்கின்றன, அவ்வளவுதான். டீ வேண்டாம்.

என் பெயர் தர்மன். சொந்த ஊர் முசரவாக்கம். வேலை பார்த்த காலம் முழுக்க ஆயுள் காப்பீடு விற்றேன். காஞ்சிபுரத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நெஞ்சுவலி, யார் எதை வீட்டுக்காரம்மாவிடம் மறைக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு மொட்டை மாடியில் நிழல்வலைக் குடில் ஒன்று போட்டு, காஞ்சி ஊனுண்ணித் தாவர வளர்ப்போர் மன்றத்தைத் தொடங்கினேன். பூச்சி தின்னும் செடிகள், மேடம். குடுவை மாதிரித் தொங்கும் இலையின் விளிம்பில் தேன் இருக்கும். குடிக்க வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழும், அடியில் தேங்கிய நீரில் கரைந்துபோகும். செடி எதுவும் செய்யாது. வாயைத் திறந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். வருவதும் விழுவதும் பூச்சியின் சொந்த முடிவு.

மன்றத்தில் பதினோரு பேர். ஒன்பது பேருக்குப் பதவி உண்டு, மீதி இருவர் ஆலோசகர்கள். ஒரு செடி புதுக் குடுவை விட்டால் ஃபிளெக்ஸ் வைப்போம். அதில் முதல் பூச்சி விழுந்தால் வளர்த்தவருக்குப் பொன்னாடை. பட்டு ஊர் அல்லவா, பொன்னாடைக்குப் பஞ்சமில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பங்கள், சுத்த சைவம். முட்டைகூட வீட்டுக்குள் நுழையாது. எங்கள் பொருளாளர் காமாட்சியம்மாள் முதல் வருடமே கேட்டார்: "நல்ல நாளு அதுவுமா இதுங்க ஈயும் எறும்பும் துன்னுக்கினு இருந்தா, வளக்கிற நமக்குத்தானேப்பா பாவம்?"

வழி சொன்னது நான்தான். மாதாமாதம் கிருத்திகை அன்று காலையில் குடில் முழுக்கச் சாம்பிராணி போட்டுப் பூச்சிகளை விரட்டுவோம். கதவைச் சாத்துவோம். மூத்த செடியைப் பட்டுத் துணியால் மூடுவோம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் தலைவர் துணியைத் தூக்குவார், செடியின் விரதம் முடியும். மற்ற நாளில் அது எதைத் தின்றாலும் அதன் வினை. அந்தத் துணிக்கு விரதத் திரை என்று பெயர் வைத்ததும் நான்தான். அரக்கு நிறம், இரட்டை மடிப்பு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

அந்த மூத்த செடியின் பெயர் காஞ்சி அரக்கு. விதையிலிருந்து நான் வளர்த்தது. இந்த ஊர் வெயிலில் அந்த இனத்தை விதை போட்டு யாரும் வளர்த்ததில்லை என்று சொல்லி, மன்றம் எனக்கு ஊனுண்ணிச் செம்மல் என்று பட்டம் கொடுத்தது. செயலாளருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் தீர்மானத்தை நானே வாசிக்க வேண்டியிருந்தது. பட்டங்களில் எனக்குப் பற்று கிடையாது. விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டது மற்றவர்கள் வற்புறுத்தியதால். வாசல் பலகையும் அப்படித்தான்.

இந்தச் செடிகளுக்கு மழைத்தண்ணீர்தான் ஆகும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு வேரைக் கருக்கிவிடும். மழை இல்லாத நாளில், காந்தி ரோடு ஜவுளிக்கடைகளின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவோம். தண்ணீரைப் பற்றி நான் பேசாத கூட்டமே இல்லை. ஒரு வருடம் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய மனிதரை அழைத்தோம். அவர் வெள்ளிக் குடத்தில் தண்ணீரோடு வந்தார். போர் தண்ணீர். குடத்தின் விளிம்பிலேயே உப்புப் பூத்திருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முழுக் குடத்தையும் காஞ்சி அரக்கின் தலையில் கவிழ்த்தார். எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் செடி செத்தது. மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கூரியரில் வரவழைத்து, அதே தொட்டியில் வைத்தேன். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மன்றத்துக்கு மனக்கஷ்டம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வீரபத்திரன் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தத் தறி வைத்திருந்தவர், என்னைவிட இளையவர். இந்த வருடம் மன்றத்தார், அதுவரை தலைவராக இருந்த என்னைச் 'சிறப்புத் தலைவர்' ஆக்கிவிட்டு அவரைத் தலைவர் ஆக்கினார்கள். அவருக்கு உடம்பில் ஒரு குறை, குளவி கொட்டினால் தாங்காது. இது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். முன்பு ஒரு தடவை திருப்புட்குழி கோயிலில் அவர் கழுத்தில் குளவி கொட்டியது. அடுத்த மண்டபத்துக்கு நடப்பதற்குள் முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. என் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு, மருந்து ஏற்றிய ஊசி ஒன்றை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார். எங்கள் குடிலில் பூச்சி வந்துபோகும் என்பதால் கிருத்திகை அன்று மட்டும்தான் மாடி ஏறுவார். சாம்பிராணி போட்ட நாள், பயமில்லை. அன்று மட்டும் அந்தக் கூட்டை ஸ்கூட்டர் பெட்டியிலேயே விட்டுவிடுவார். பை துருத்திக்கொண்டிருந்தால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று அவர் மனைவி புவனேஸ்வரி சொல்வார்.

ஆனி மாதக் கிருத்திகைக்கு நான் ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காஞ்சி அரக்கின் தொட்டி விரிசல் விட்டிருப்பதைப் பார்த்து வீரபத்திரன் செடியை வேறு தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். நல்ல மனதோடுதான். நான் திரும்பிய அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா, செடி காலுக்கு சாக்ஸ் போட்டு வெச்சிக்கீற?"

நர்சரிக்காரர்கள் கன்றுகளைச் சின்ன வலைப்பைகளில் வைத்து வளர்ப்பார்கள். வேர் பையைத் துளைத்துக்கொண்டு வளரும், பை அப்படியே இருக்கும். வீட்டில் விதை போட்டு வளர்த்த செடியில் அது இருக்க முடியாது. நான் கழற்ற மறந்திருந்தேன்.

"ஏன்ணா மூஞ்சி அப்டி போவுது? நானுந்தான் நாலு செடிய சாவடிச்சிக்கீறேன். ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் இருப்பாங்க. திரைய தூக்கினதும் நீயே சிரிச்சிக்கினே சொல்லிடு. ஒரு நாளு கலாய்ப்பாங்க, அப்பால மறந்துடுவாங்க."

"நான் சொல்லலன்னா?"

"நானே தமாசா எடுத்து வுட்டுடுவேன். வயித்துல வெச்சிக்கினு இருக்க நம்மால ஆவாதுண்ணா."

வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "உன்ன கேக்காம சொல்லுவனா?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவருக்குக் கெட்ட எண்ணமே இல்லை, மேடம். அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் உள்ளவனிடம் பேரம் பேசலாம். அவர் சொன்னபடியே செய்துபார்க்கவும் முயன்றேன். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, சொல் வரவில்லை.

முசரவாக்கத்தில் எங்கள் பழைய பம்புசெட் கொட்டகையில் குளவிகள் கூடு கட்டும். விடியற்காலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அகலவாய் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். செடிக்குத் தீனி பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. அன்று டப்பா என் வீட்டு ஃபிரிட்ஜில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் காலை வழக்கம்போலச் சாம்பிராணி போட்டேன். புகை அடங்கிய பிறகு டப்பாவிலிருந்த குளவிக் கூட்டைக் குடுவைகளுக்கு நடுவே வைத்து, திரையைப் போர்த்தி, ஓரங்களைத் தொட்டிக்கு அடியில் செருகினேன். பகல் முழுக்க வெயில் காய்ந்தது. பட்டு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணி.

சாயங்காலம் விருந்தினர் கார் நிற்க வாசலில் இடம் வேண்டியிருந்தது. வீரபத்திரனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். "நீ இருண்ணா, நான் எடுக்கிறேன்" என்றார். தலைவர் வண்டி தள்ளினால் மன்றத்துக்கு மரியாதை இல்லை என்றேன். வண்டியை அடுத்த தெருவில், நல்ல நிழலில் நிறுத்தினேன். சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மாடியில் விளக்கு ஏற்றினோம். எங்கள் இணைச் செயலாளர் சத்யப்ரியா, கல்லூரிப் பெண், செல்போனில் படம் பிடித்தாள். "தலைவரே, கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க, ஃபிளெக்ஸ் மறையுது" என்றாள். வீரபத்திரன் திரையின் நுனியைப் பிடித்தார். பிடித்தவர் தூக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீயே தூக்குண்ணா. இத்தினி வருசமா நீ தூக்கினதுதானே. எனக்கு இன்னா வந்துச்சி."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் திரையைத் தூக்குவதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை, மேடம். காமாட்சியம்மாள் என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். நான் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது துணிக்குள்ளிருந்து, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் அதிர்வதுபோல, மிக மெல்லிய முனகல் கேட்டது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"மரபுன்னு ஒண்ணு இருக்குதுப்பா. தலைவர்தான் தூக்கணும்" என்றேன்.

"செர்தான். தூக்கினதும் நீ பேசு." கண்ணைச் சிமிட்டினார். "நீ பேசலன்னா நான் பேசுவேன்."

"மொதல்ல தூக்குப்பா."

தூக்கினார்.

பிறகு நடந்ததை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், ஃபிளெக்ஸ் கிழிந்தது. என் மோதிர விரலிலும் ஒன்று கொட்டியது, நான் சத்தம் போடவில்லை. வீரபத்திரன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். புவனேஸ்வரி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "வண்டிப் பொட்டில ஊசி இருக்குது. சாவி குடுங்கண்ணா. சாவிண்ணா."

தேடினேன். சட்டைப் பையில் தேடினேன், கால்சட்டைப் பை இல்லை என்று தெரிந்தும் அங்கேயும் தடவினேன். மறுபடி சட்டைப் பையில் தேடினேன். பதற்றத்தில் மனிதனுக்குச் சாவி வைத்த இடம் மறந்துபோவது இயற்கை. நான் பதறவில்லை, அதுதான் வித்தியாசம். பிறகு எடுத்துக் கொடுத்தேன். வண்டி நிற்கும் இடத்துக்குச் சத்யப்ரியாவிடம் வழி சொன்னேன். தெளிவாக, கோபுரத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். "எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க அங்கிள்" என்று அழுதாள். வழி சொல்லும்போது அவசரப்படக் கூடாது. அவள் ஊசியோடு ஓடிவந்தபோது அதற்குத் தேவை இருக்கவில்லை.

வீரபத்திரன் கடைசிவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புட்குழியில் பார்த்த அதே பார்வை. காரை எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

களேபரத்தில் கூட்டைத் தண்ணீர் டிரம்மில் அமுக்கிவிட்டேன். பூச்சி தின்னும் செடியிடம் பூச்சி வராமல் என்ன வரும் என்று உங்கள் ஏட்டு கேட்டார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் நேற்று இரங்கல் கூட்டம் நடந்தது. காமாட்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "செடிக்கோசரம் உசுரையே குடுத்த மனுசன்பா. செம்மல்ன்ற பட்டம் அவருக்குத்தான் பொருந்தும். தர்மண்ணன் பெரிய மனசுக்காரரு, வேணாம்னு சொல்ல மாட்டாரு." மன்றத்தில் ஒரு நேரத்தில் ஒரு செம்மல்தான் இருக்கலாம் என்பது விதி. விதியை எழுதியது நான். எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். செடிக்காக உயிர் விட்டவருக்குப் பட்டம் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இவர் செடிக்காக உயிர் விடவில்லையே. கொல்லப்பட்டார். கொல்லப்படுவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. ஒரு பொய்யின் மேல் மன்றம் பட்டம் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உண்மைக்காகத்தான் வந்திருக்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குளவிக் கூட்டைத் திரைக்குள் வைத்தது நான். ஊசியை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனது நான். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடியது நான். வீரபத்திரனைக் கொன்றது நான். செடிக்கு இதில் சம்பந்தமில்லை.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும், மேடம். வெறும் தர்மன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊனுண்ணிச் செம்மல் தர்மன் என்று இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் இடம் போதாது என்றால், தர்மனை எடுத்துவிடுங்கள்.