ரேகை பதியாத கைகள்

முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் நான் ஒரு கூட்டத்துக்கும் பிந்திப் போனதில்லை. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதிக் கடன் என் துறை. நண்டு கப்பலேறினால், வெளிநாட்டுக்காரனின் காசு வர மூன்று மாதம் செல்லும். அதுவரை தொழில் நடக்க, கப்பல் பத்திரங்களைப் பார்த்து வங்கி கடன் கொடுக்கும். வங்கி நண்டைப் பார்க்காது, பத்திரத்தை மட்டுமே பார்க்கும். இதைவிட நேர்மையான விதி எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகும் என்னை அழைத்தார்கள். அந்தக் கடனை இணையவழியில் கொடுப்பதற்கான விதிகளை எழுதும் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். கடன் கேட்பவர் கையொப்பத்துக்குப் பதிலாக விரல் ரேகை வைக்க வேண்டும். 2023 ஆடியில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபமொன்றில் அந்த இயந்திரத்தைப் பரீட்சித்தோம்.

இரத்தினசிங்கம் வந்திருந்தார். இறக்கக்கண்டியில் நூற்றிருபது பெண்களை வைத்து நண்டு பதனிடும் கொட்டகை நடத்துபவர். 1982இல் என் தங்கை கனகம்மாவுக்குப் பேசிய மாப்பிள்ளையும் அவர்தான். கலியாண எழுத்தன்று, பதிவாளரும் சபையும் பார்த்திருக்க, பேனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். காரணம் சொல்லவில்லை. என் தகப்பனார் அதன் பிறகு சாகும்வரை கோயில் வீதியில் கால் வைக்கவில்லை.

வருடக்கணக்காக ஐசும் உப்பும் தொட்ட விரல்கள். ஆறு தரம் வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை.

"இந்த மெசின் என்னை மனிசரிலை சேர்க்குதில்லைப் போல," என்றார்.

"அண்ணன், நண்டுக் காலை வெச்சுப் பாருங்க," என்றார் கிண்ணியாக் கருவாட்டு வியாபாரி ஸுஹைர். சபை சிரித்தது. பிறகு ஸுஹைரின் விரலும் பதியவில்லை. நாற்பது பேரில் பத்தொன்பது பேருக்குப் பதியவில்லை.

தொழில்நுட்ப அதிகாரி நிப்றாஸ் நல்ல பிள்ளை. "சேர், ரேகை பதியாத ஆக்களுக்கு டெலிபோனுக்கு ஒரு இலக்கம் அனுப்புவம். இல்லாட்டி இவங்களுக்குக் கடன் எடுக்க ஏலாது," என்று ஒரு உபபிரிவு எழுதித் தந்தார்.

நான் அதை வெட்டினேன். இரத்தினசிங்கம் தொழிலை மகனின் பெயருக்கு மாற்றித் தப்பிவிடக் கூடாது. ஆகவே உரிமையாளர் மாறினால் மூன்று வருடம் கடன் இல்லை என்றும் சேர்த்தேன். காரணம் 'மோசடித் தடுப்பு' என்று எழுதினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் கொட்டகை மூடப்பட்டது. ஸுஹைரின் வியாபாரமும் போனது. அவரோடு எனக்குப் பகை எதுவும் இல்லை.

இரத்தினசிங்கம் என் வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றார்.

"ஐயா, எனக்காகக் கேக்கேல்லை. அந்தப் பெட்டையளுக்கு வேற வேலை இல்லை."

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றேன். கதிரை போடவில்லை.

அவர் போனதும் கனகம்மா குசினியிலிருந்து வந்தாள்.

"அண்ணா, எத்தனை தரம் சொல்லுறது? இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு நான்தானே அவரிட்டைக் கெஞ்சினனான். அந்த மனிசன் பழியைத் தன்ரை தலையிலை போட்டுக்கொண்டு போனவர்."

ஓம், முன்பும் சொல்லியிருக்கிறாள். 1991இல், தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று. நான் அந்த விதியை எழுதுவதற்கு முப்பத்திரண்டு வருடம் முந்தி.

இந்தப் பங்குனியில் இரத்தினசிங்கத்தை அந்த வெறுங் கொட்டகைக்குள்ளிருந்து தூக்கி வந்தார்கள். தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று தீர்ப்பு எழுதினார்கள். அது தவறு. அதைச் செய்தது நான். இன்னொருவருக்கு அந்தப் பெயர் போவதை நான் விரும்பவில்லை.

பேனையைத் தாருங்கள், கையொப்பமிடுகிறேன். தங்கை சொன்ன பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பெண் ஒரு மாப்பிள்ளையிடம் கெஞ்சினாள் என்று ஊர் கதைக்கக் கூடாது. அதுவும் அவள் வாயால் சொன்னதுதான். பத்திரம் எதுவும் இல்லை.