பானுப்ரியா தப்பாகச் சொன்ன ஒரே வார்த்தை

பட்டுச்சேலைக்கு ஊக்கு குத்துவதற்குப் பொறுமை வேண்டும். அன்று அதற்கு நேரமில்லை. வாசலில் வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பானுப்ரியாவின் அப்பா மருதை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "முகூர்த்தம் தாண்டிடும்மா, சீக்கிரம்."

நான் கடைசி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஷெர்லின், கேட்டிவாம்பஸ்னா என்னடி?" என்றாள் மணப்பெண்.

"இப்பவா? நீயே சொல்லு."

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா கர்சீப் போட்டு சீட்டு பிடிக்கிறவ. உன்னை மாதிரி."

சிரித்தாள். மை கலையும் என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அவள் விளையாடவில்லை.

திருச்சியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்த இரண்டு வருடமும் எங்களுக்கு இதுதான் வேலை. யாருக்கும் தெரியாத ஆங்கில வார்த்தைக்குப் பொய் அர்த்தம் சொல்ல வேண்டும். அதிகம் சிரிக்க வைப்பவள் ஜெயிப்பாள். எப்போதும் அவள்தான் ஜெயித்தாள். நிஜ அர்த்தம் கேட்டால் மட்டும் நான் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். தொட்டால் பொய் கிடையாது.

டெல்லியில் அகராதி தயாரிக்கும் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்கு அழைத்தது. "வேலை கெடைச்சா போ. இல்லேன்னா தை மாசம் கல்யாணம்" என்று மருதை சொல்லிவிட்டார். அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால் விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

தயார் செய்து வரும்படி இருபது வார்த்தைகள் அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பதை அவளே லைப்ரரியில் தேடிவிட்டாள். "மம்ப்சிமஸ் மட்டும் கெடைக்கலடி. வெளாட்டு வேணாம், நெசமா சொல்லு."

சிலுவையைத் தொட்டேன். "சிரிப்பை அடக்கி அடக்கிக் கன்னம் வீங்கினவங்க" என்றேன். தப்பென்று காட்டிய பிறகும் தன் தப்பை விடாதவர் என்பதுதான் அர்த்தம். எனக்குத் தெரியும்.

பொறாமை என்று நினைக்க வேண்டாம். எனக்கு உறையூரில் ஸ்கூல் வேலை நிச்சயமாகியிருந்தது. அவள் போய்விட்டால் சாயங்காலம் யாரோடு சிரிப்பது? பக்கத்திலேயே எங்காவது வாழ்க்கைப்பட்டால் ஒரு பஸ் ஏறினால் போதும். அவள் நன்மையும் இதில் இருந்தது. டெல்லிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்டர்வியூ முடிந்து வந்தவள் என்னைத்தான் தேற்றினாள். "அந்த ஒண்ணுக்கு எல்லாரும் சிரிச்சுட்டாங்கடி. பரவால்ல, நீயும் தப்பாத்தானே படிச்சு வச்சிருந்த."

இப்போது திருவெள்ளறையில் அவள் புகுந்த வீட்டுக்குப் போனால் காபி தருகிறாள். புதிதாக ஏதாவது வார்த்தை சொன்னால், "அதெல்லாம் எதுக்குடி, நமக்கென்ன தெரியும்" என்று பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள். அந்த ஒரு வார்த்தையால்தான் வேலை போனது என்று இன்றும் நம்புகிறாள்.

வேலை போகவில்லை. ஒன்பதாம் நாள் என் போன் அடித்தது. மற்ற பத்தொன்பதும் பிரமாதம், அந்த ஒன்று அதைவிடப் பிரமாதம், இப்படிக் கற்பனை செய்கிறவள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார் டெல்லி அம்மாள். எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.

பானுப்ரியாதான் பேசுகிறேன் என்றேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலை வேண்டாம் என்றேன்.

அன்று வரை அவளைப் பெண் பார்க்கக்கூட யாரும் வந்திருக்கவில்லை.