சிவப்பு முகம்

– மறுபடி ஊது. இந்தத் தடவை மூச்சை நல்லா அடக்கி, உள்ளே இருக்கிற காத்து பூரா வெளியே வர்ற வரைக்கும். உங்கப்பா கண்ணால பார்க்கட்டும்.

– எத்தனை தடவை ஊதினாலும் இதேதான் வரும் மிஸ்.

– வரட்டும். ஊது... பார்த்தீங்களா சார்? முப்பத்தெட்டு. சிவப்பு முகம். சிகரெட் பக்கமே போகாத பிள்ளைங்களுக்கு ஆறைத் தாண்டாது. பச்சை முகம் வந்து சிரிக்கும்.

– உங்க சிவப்பு முகத்தைக் காலையிலேயே பார்த்துட்டேன் டீச்சரம்மா. இன்னிக்கு எனக்கு டூட்டி இல்லையேன்னு படுத்திருந்தேன், ஃபோன்ல வந்து நிக்குது. ‘உங்கள் பிள்ளை புகைத்திருக்கலாம்.’ கையில கிடைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு ஓடி வர்றேன். தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

– நீங்க ஒருத்தர் மட்டும் வரலை சார். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த மெஷினை வாசல்ல வெச்சதுக்கு அப்புறம் கழிப்பறைல துண்டு சிகரெட் கிடக்கிறது நின்னுபோச்சு. காலையில ஊதணுமேங்கிற பயத்துலேயே பாதிப் பேர் விட்டுட்டாங்க. தலைமையாசிரியையா எனக்கு வேற என்ன வேணும்? உங்க பொண்ணுகிட்டதான் பலிக்கலை. பிடிவாதம்.

– பிடிவாதம் இல்ல மிஸ். நான் பிடிக்கல. பையைக் கொட்டிப் பார்த்தீங்க. வாயை மோந்து பார்த்தீங்க. ஃபோனைப் பிடுங்கி மேசைல வெச்சுக்கிட்டீங்க. என்ன கிடைச்சது?

– மோந்து பார்க்கிறது மனுஷங்க வேலை, ஏமாந்துடுவோம். மெஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது. சரி, நானூறு மீட்டர்ல முதல் ஆளா வந்தவ இப்ப பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்றியே, அது ஏன்?

– தெரியல மிஸ்.

– எனக்குத் தெரியுது. சார், இந்தத் திரையைப் பாருங்க. வெள்ளிக்கிழமை பச்சை. திங்கட்கிழமைன்னா சிவப்பு. ஒரு மாசமா இதே கதை. போன திங்கள் இருபத்திரண்டு, இன்னிக்கு முப்பத்தெட்டு. ஏறிக்கிட்டே போகுது. ஞாயித்துக்கிழமை யாரோட சுத்துறா?

– அவ எங்கேயும் போறதில்லையே! கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அவ அம்மா ஒருத்தியா திண்டாடுறா. தம்பியைத் தூக்கிக்கிட்டு வீட்டோடதான் கிடப்பா... ஏம்மா, மொட்டை மாடிக்குக் கிட்டை மாடிக்குப் போயி...

– அப்பா! நீங்களுமா?

– அடிக்க மாட்டேன். உள்ளதைச் சொல்லிடு கண்ணு.

– பிடிக்கலப்பா. தம்பி மேல சத்தியமா பிடிக்கல.

– சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்றது? விதின்னு ஒண்ணு இருக்கு சார். நாலு சிவப்பு ஆயிடுச்சு. ஓட்ட அணியிலேர்ந்து பேரை எடுத்துடணும். ஒரு மாசம் வீட்டுல இருக்கட்டும்.

– ஐயோ, ஓட்டத்தை நம்பித்தான் டீச்சரம்மா அவ காலேஜ் சீட்டே இருக்கு.

– அது அவளுக்குத் தோணியிருக்கணும்.

– உங்க மெஷின் பொய்யே சொல்லாதா?

– சொல்லாது.

– கொடுங்க இங்க. நான் ஊதுறேன். பஸ் ஓட்டுறவன் நான், தினம் டிப்போ வாசல்ல ஊதிக் காட்டிட்டுத்தான் சாவியே வாங்குறேன். சிகரெட்டை ஆயுசுல தொட்டதில்ல. எனக்கும் சிவப்பு வந்துச்சுன்னா மெஷின் கோளாறுன்னு ஒத்துக்கணும்.

– டிப்போல பார்க்கிறது சாராயத்துக்கு. இது வேற. சரி, புதுக் குழாய் மாட்டித் தர்றேன். ஊதுங்க... நிறுத்தாதீங்க... ம்.

– என்ன வந்துச்சு? திரையை இப்படித் திருப்புங்க.

– நாப்பத்தொண்ணு.

– பார்த்தீங்களா! ஓட்டை டப்பா! இதை நம்பி என் பொண்ணு பேரைக் கெடுத்து...

– இருங்க. அப்பாவும் பொண்ணும் சேர்ந்தே பிடிக்கிறீங்களா?

– மிஸ், சிகரெட் நாத்தம் அடிச்சா எங்கப்பா பஸ்ஸையே ஓரங்கட்டிடுவார். நீங்க ஊதுங்க மிஸ். தெரிஞ்சுடும்.

– நானா? சரி, ஊதுறேன்... ரெண்டு. பச்சை.

– அடேங்கப்பா! வேண்டியவங்க யாரும் கிடையாதுன்னீங்க, உங்களைப் பார்த்து மட்டும் பல்லைக் காட்டுதே!

– கேலியை அப்புறம் வெச்சுக்கலாம் சார். மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சொல்றதும் நிஜம்னா...

– இது அப்படி என்னத்தைத்தான் அளக்குது?

– கார்பன் மோனாக்சைடு. புகையிலை எரியும்போது வர்ற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஏறி உட்கார்ந்துக்கும். தலை வலிக்கும், மூச்சு வாங்கும்... சார், புகையிலைன்னு இல்ல. எது அரைகுறையா எரிஞ்சாலும் வரும். உங்க வீட்டுல என்ன எரியுது?

– கேஸ் அடுப்புதான். அதுவும் வெளி வராந்தால.

– அது தினம் எரியுது. திங்கட்கிழமைக்கு மட்டும் என்ன?

– மிஸ், வீட்டுக்குக் கீழே பிரஸ் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வாரப் பத்திரிகை அச்சடிப்பாங்க. கரண்டு பத்தாதுன்னு விடிய விடிய ஜெனரேட்டர் ஓடும்.

– வெளியிலதானே வெச்சிருக்காங்க?

– வெளியிலதான் இருந்துச்சு டீச்சரம்மா. சத்தம் தாங்கலன்னு தெருக்காரங்க சண்டை போட்டாங்க, போன மாசம் பிரஸ்காரர் அதை எங்க மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டாரு. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை ராத்திரி பூரா கத்திக்கிட்டே கிடக்கும். அதான் நேத்து ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைச்சேன்.

– இப்ப கத்துறதில்லையா?

– நேத்து ராத்திரி ஒரு சத்தமில்ல. அவ அம்மாவும் தலைவலின்னு சொல்லிட்டு அசந்து தூங்குறா. ரெண்டு பேரும் தூங்கட்டும்னு எழுப்பாமத்தான் வந்தேன்.

– ஜெனரேட்டர்?

– அச்சு வேலை இன்னும் முடியல, நான் கிளம்புறப்பவும் ஓடிக்கிட்டுத்தான்... டீச்சரம்மா, ஏன் எழுந்துட்டீங்க?

– இந்தாம்மா உன் ஃபோன், பிடி. அம்மாவைக் கூப்பிடு. சார், நீங்க பிரஸ்காரருக்குப் போடுங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் பேசறேன். சீக்கிரம்!

– அண்ணே, மாடி வீட்டு டிரைவர் பேசறேன். ஜெனரேட்டரை நிறுத்துங்க! கேக்கலையா? நி-று-த்-து-ங்-க! மேல ஓடுங்கண்ணே, கதவை உடைங்க. எங்க வீட்டுக் கதவைத்தான் சொல்றேன், உடைச்சுடுங்க!

– ரிங் போகுது மிஸ். அம்மா எடுக்கல.

– மறுபடி போடு.

– எடுக்கல மிஸ்.

– போட்டுக்கிட்டே இரு. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு.

– எடுத்துட்டாங்க! அம்மா, அம்மா எழுந்திரு... இல்லப்பா, பிரஸ் மாமா பேசறார். கதவை உடைச்சுட்டாராம். அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துட்டு வந்துட்டாங்களாம். முனகுறாங்களாம்.

– தம்பி? தம்பி எங்கேன்னு கேளு!

– அவர் தோள்ல இருக்கானாம். அசையவே இல்லையாம்ப்பா.

– முதுகுல தட்டச் சொல்லு! காத்துல காட்டச் சொல்லு, தெருவுக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லு...

– கத்தாதீங்க சார், அவளுக்குக் கேக்கட்டும்.

– இருங்க மிஸ்... இருங்கப்பா... அப்பா, இந்தாங்க, காதுல வெச்சுக் கேளுங்க. கத்துறான்.