பக்கத்து விமானத்தின் புத்தகம்

ஹலோ... நான்தாங்க... எங்கேருந்தா? பக்கத்து விமானத்துலேருந்துதான். இடது பக்கமாத் திரும்பிப் பாருங்க, என் கோ-பைலட் தோளுக்குப் பின்னாடி... ம், ம், தெரியுது. கை ஆட்டினது போதும் கேப்டன் சார், உங்க ஆளுங்க சிரிக்கறாங்க.

இல்ல, வீட்டுச் சாவி விஷயம் இல்ல. அதை சாயங்காலம் பேசிக்கலாம். உங்க டெக் லாக் புத்தகத்தை எடுங்க... அதேதான், விமானத்துல என்ன கோளாறு, யார் சரி பண்ணினாங்கன்னு எழுதற புத்தகம். வேற எதை எடுக்கச் சொல்லப் போறேன்.

கையெழுத்தும் போட்டாச்சா... ஓ. எப்போ?... பத்து நிமிஷம் முன்னாடி. சரி. சரி சரி.

அட்டையில விமானத்தோட பதிவு எழுத்து என்ன போட்டிருக்கு? கடைசி எழுத்து மட்டும் சொல்லுங்க... 'கே'யா. அட்டையைப் பார்த்துச் சொல்றீங்களா, இல்ல எதிர்ல விமானத்துல பதிச்சிருக்கற தகட்டைப் பார்த்தா?... அதானே. தகடு சரியாத்தான் இருக்கும், அது விமானத்தோடயே பொறந்தது. நான் கேட்டது புத்தகத்தோட அட்டை.

...

புத்தகத்தை மூடி அட்டையைப் பாருங்க.

...

ஆமா. 'ஜே'. அது என் விமானம். உங்க 'கே' புத்தகம் இங்க என் மடியில இருக்கு. காலையில ரெண்டையும் ஒரே ஆள் கொண்டாந்து வச்சிருப்பார் போல, மாறிப் போச்சு.

பெரிய மூளையெல்லாம் இல்லீங்க. நேத்து 'ஜே'யை நான்தானே ஓட்டினேன். பன்னிரண்டாவது வரிசையில விளக்கு எரியலைன்னு எழுதி வச்சேன். இன்னைக்குத் திறந்து பார்த்தா அந்த வரியே இல்ல. எழுதினேனா, கனவு கண்டேனான்னு எனக்கே சந்தேகம். அப்புறம்தான் அட்டையைப் பார்த்தேன்.

ஆமாமா, அந்தப் பக்கம்தான். என் எழுத்தேதான். பதினோரு வருஷமா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல அதே கோழி கிளறின எழுத்தைத்தான் படிக்கறீங்க. அதுக்கு நேர் கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க... சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க.

இப்போ கேளுங்க. நேத்து சாயங்காலம் 'கே'யை இறக்கினவங்க இதுல ஒண்ணு எழுதியிருக்காங்க. படிக்கறேன். 'இறங்கும்போது இடது பக்கம் இழுத்தது. இடது பிரேக்கில் அளவுக்கு மீறிய சூடு. சோதிக்கவும்.'... ஆமா, அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்கன்னு போட்டிருக்கணும். அந்தக் கட்டம் காலி. என்ஜினியர் கையெழுத்து இல்ல. யாரும் பார்க்கலைங்க.

ம்... ம்... எத்தனை பேர் ஏறியாச்சு?... நூத்தி நாப்பத்தெட்டு. அத்தையுமா? உங்கம்மா நாளைக்குப் போறதா இல்ல சொன்னாங்க... சரி. அத்தை இருந்தாலும் இல்லாட்டியும் செய்ய வேண்டியது ஒண்ணுதான். கதவை மூட வேண்டாம்னு சொல்லுங்க. என்ஜினியருக்கு நான் சொல்லிட்டேன், வந்துட்டிருக்கார்.

ஒரு நிமிஷம்... என்னம்மா? ஆமா, கொஞ்சம் தாமதமாகும், எல்லாருக்கும் தண்ணி கொடுத்துடு... ம், சொல்லுங்க, எங்க கேபின் பொண்ணு.

...

இல்லீங்க. புத்தகத்தைக் கமுக்கமா மாத்திக்கறது வேண்டாம்... தெரியாதுதான். யாருக்கும் தெரியாதுதான். நாளைக்கு வேற ரெண்டு பேருக்கு இதே மாதிரி மாறும், அவங்களை அட்டையைப் பார்க்க வைக்க எரியாத விளக்கு ஒண்ணு இருக்காது. நான் ரிப்போர்ட் எழுதத்தான் போறேன். எனக்கு முன்னாடி நீங்க எழுதினா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

கோபமா?... ம். பேச வேண்டாம். ஃபோனை மட்டும் வச்சுடாதீங்க.

என்ஜினியர் வந்துட்டார். உங்களுக்குத் தெரியாது, எனக்கு இங்கேருந்து தெரியுது. சக்கரத்துக்கிட்ட குத்த வச்சு உட்கார்ந்திருக்கார். டார்ச் அடிக்கறார்... உள்ள கையை விட்டுப் பார்க்கறார். விரலைத் துணியில தொடைக்கறார். ஏதோ கசியுது போல... எழுந்துட்டார்.

தலையை ஆட்டறாருங்க. போகக் கூடாதுன்னு.

...

இருக்கேன். இங்கயேதான் இருக்கேன்.

...

போகலையே. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. போயிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கற கணக்கை இப்போ போடாதீங்க, தண்ணி குடிங்க.

மைக்கை நீங்களே எடுங்க. தொழில்நுட்பக் காரணம், அது இதுன்னு மழுப்பாம, பிரேக் சரியில்ல, போக மாட்டேன்னு நேராச் சொல்லுங்க... அத்தை திட்டத்தான் திட்டுவாங்க. வாங்கிக்கோங்க.

என்ன?... ரிப்போர்ட் எழுதிட்டீங்களா? இப்பவேவா?... படிங்க.

...

'அட்டையைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.' ம். போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இருங்க, என் புத்தகம் வந்துடுச்சு... ஆமா, 'ஜே'. அட்டையையும் பார்த்தேன், தகட்டையும் பார்த்தேன். இந்தப் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கு, அடிச்சாகணும்... பயப்படாதீங்க, கிறுக்க மாட்டேன். ஒரே ஒரு கோடுதான். கோட்டுக்கு அடியில இருக்கறது யாரு கையெழுத்துன்னு தெரியணும்.

எங்க கதவை மூடறாங்க. வைக்கறேங்க.