எல்லார் இங்கிலீஷுக்கும் ஒரு வால் உண்டு

ஏஷியாட் விளையாட்டுக்காக நம் தலைநகரில் திறக்கப்போகிற புது ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு நம் சந்திரம்மாளை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் குரல் தேர்வு, இதைச் சொல்லாமல் வணக்கம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இனி முறைப்படி தொடங்குகிறேன். தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பூவராகவன் சார் அவர்களே, நம் தமிழ் மன்றத்தின் செயலாளர் வெங்கடராமன் சார் அவர்களே, சரோஜினி நகர்ப் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, குடிசைப் பகுதியிலிருந்து நடந்தே வந்து பின்னால் நிற்கும் என் உழைக்கும் உறவுகளே, ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் கற்ற வைத்தியாகிய நான் உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

ஸ்கோர் என்ன என்று கேட்கிறார் ஒரு மாமா. பேச்சு முடிந்ததும் சொல்கிறேன் மாமா. இப்போதைக்கு நம்ம பக்கம்தான் பேட்டிங்.

யார் இந்தச் சந்திரம்மாள்? பொன்னம்மாள் அக்காவின் மகள். யார் அந்தப் பொன்னம்மாள் அக்கா? இந்தச் சபையில் பாதிப் பேர் வீட்டுப் பாத்திரங்களுக்கு அவர் கையைத் தெரியும். அந்த அக்காவின் மகள் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே படித்து முடித்தவள். நம் மன்றத்தின் பின் அறையில் நாங்கள் நடத்தும் மாலை இங்கிலீஷ் வகுப்பில் முதல் ஆளாக வருபவள்.

போன மாதமும் அதே ஓட்டல் அவளைக் கூப்பிட்டது. ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எழுதிய எழுத்தை வாயால் மதிக்கிற வழக்கம் நம்முடையது. அந்த மதிப்பை அவள் இங்கிலீஷுக்கும் கொடுத்தாள். வெள்ளைக்காரன் விழுங்குகிற எழுத்தையெல்லாம் வெளியே அழைத்தாள். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் நம்மூர் 'உ' ஒன்றை வாலாகக் கட்டினாள். பஸ்ஸு, லிஃப்ட்டு, கெஸ்ட்டு. எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? கிளாஸ்ல நல்லாத்தானே சொன்ன?" என்று கேட்டேன்.

"தெரியல வைத்தி அண்ணா. புது மூஞ்சியா நாலு பேரப் பாத்தேன். எல்லா எழுத்தும் வரிசையா வெளிய வந்துடுச்சு."

அன்பர்களே, குற்றம் அவள் நாவிலா? இல்லை. குற்றம் நம் ஜன்னலில். ஆம், ஜன்னலில். இன்டர்வியூவுக்குப் போகிற அதிகாரியும் இந்தக் காலனியில் கதவைச் சாத்திக்கொண்டுதானே இங்கிலீஷ் பேசிப் பார்க்கிறார்? எங்கள் வகுப்பும் அப்படித்தான். சந்தில் போகிறவர் சிரிப்பாரோ என்று ஜன்னலைச் சாத்தினோம். சாத்திய ஜன்னலுக்குள் கற்றது, திறந்த சபையில் நிற்கவில்லை.

யாருக்கு அஞ்சிச் சாத்தினோம்? எங்கள் எதிர்வீட்டு பையா, அதாவது இந்திக்கார அண்ணன், உத்தரப் பிரதேசத்துக்காரர், 'இஸ்டேஷன்' என்கிறார். நாம் வாலில் ஒட்டுவதை அவர் தலையில் ஒட்டுகிறார். கூசினாரா? ஆட்டோக்காரரிடம் 'இஸ்டேஷன் சலோ, ஜல்தி' என்று சீக்கிரம் போகச் சொல்லி அதட்டி ஏறிப் போகிறார். லண்டன் ரேடியோவில் 'லா அண்ட் ஆர்டர்' என்பதை 'லார் அண்ட் ஆர்டர்' என்று வாசிக்கிறார் ஒரு துரை. அந்த நடு 'ர்' எங்கிருந்து வந்தது? எந்தப் புத்தகத்திலும் இல்லை. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் 'கே' என்று ஓர் எழுத்தை எழுதிவைத்து, அதை நாக்கால் தொடவே மாட்டார் அதே துரை. கூசினாரா? அவர் கூசவில்லை, பையா கூசவில்லை, நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

கைதட்டலுக்கு நன்றி. மீனாக்ஷி மாமி, மைக் இரைகிறது என்று காதைப் பொத்துகிறீர்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் மாமி.

போன வாரம் செயலாளர் என்னை அழைத்தார்.

"வைத்தி, குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்றா. சாயங்காலமானா ஒரே சத்தம். ரூமை பஜனைக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"பஜனையும் சத்தம்தானே சார்?"

"அது சுருதியோட வர்ற சத்தம்டா."

சிரிக்கிறீர்கள், சாரும் சிரிக்கிறார். ஆனால் சார், சத்தம் மட்டும்தானா குறை? குடிசைப் பிள்ளைகள் நம் படியேறுவதும் சிலருக்குக் குறையாகப் பட்டதே. உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு இந்த மேடையிலேயே சொல்கிறேன்: வகுப்பு நிற்காது. அறையைப் பூட்டினால் வாசலில் நடக்கும். வாசலை அடைத்தால் மார்க்கெட்டில் துணிக்கடைகளுக்கு நடுவே நடக்கும். நாளை முதல் ஜன்னல் சாத்தப்படாது.

தலைவர் தலையசைக்கிறார். அச்சா, அது போதும் எனக்கு.

நாளை சனி, மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்து அவளுடைய தேர்வு. அவளுக்கு இப்போது பாடம் வேண்டியதில்லை, புது மூஞ்சிகள் வேண்டும். அவை இங்கே நிறைந்திருக்கின்றன. அடுத்து வீணைக் கச்சேரி. அதை இங்கிலீஷில் அறிவிக்கப்போவது சந்திரம்மாள். பொன்னம்மாள் அக்கா, அவள் முந்தானையை விடுங்கள்.

"வேணாம்டி, எல்லாம் பெரிய மனுசங்க."

"விடும்மா. திங்கக்கிழமையும் பெரிய மனுசங்கதான்."

கேட்டீர்களா? என் பேச்சு இதற்கு மேல் எதற்கு?

மன்றத்தின் பின் அறைக்கு நாளை மாலை ஆறு மணிக்கு எல்லாரும் வாருங்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள். கேட்க இரண்டு காது இருந்தால் போதும். இப்போது இவள் சொல்லின் கடைசியில் ஒரு வால் தெரிந்தால், தெரிந்துவிட்டுப் போகட்டும். இவள் "குட் ஈவினிங்" என்றதும் சபை முழுக்கத் திருப்பிச் சொல்லுங்கள். ஆபரேட்டருக்கு மறுமுனையில் ஆள் வேண்டுமல்லவா? பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியையும் வணக்கத்தையும் வைத்து, மைக்கை இவள் கையில் கொடுக்கிறேன்.