ஒன்றரைக் கோடு

தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனில், 1959-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குத் தானாக ஆஜரான டாக்சி டிரைவர் மொய்தீன் பிச்சை கொடுத்த வாக்குமூலம். எழுதியவர் ஹெட் கான்ஸ்டபிள் அந்தோணிசாமி.

என் பெயர் மொய்தீன் பிச்சை. தகப்பனார் பெயர் ஷபியுல்லா, காலஞ்சென்றவர். வயது 41. பிறந்த ஊர் கோட்டக்குப்பம். தற்சமயம் விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் வாடகை வீட்டில் மனைவி நூர்நிஷாவுடன் குடியிருக்கிறேன். விழுப்புரம் முருகையன் என்பவருக்குச் சொந்தமான டாக்சியைப் பதினோரு வருஷமாக ஓட்டி வருகிறேன். இதுவரை என் மேல் கேஸ் எதுவும் கிடையாது.

மேற்படி டாக்சி பழைய வண்டி. அதில் பெட்ரோல் காட்டும் முள் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே செத்துவிட்டது. ஆகையால் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, ஷெட்டின் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, காலியான டாங்கியில் ஒவ்வொரு காலனாக ஊற்றி, ஒவ்வொரு காலனுக்கும் குச்சியில் ஒரு கோடு கீறி வைத்தேன். மொத்தம் ஆறு கோடு. பின் சீட்டுக்கு அடியில் குச்சி கிடக்கும். டாங்கி வண்டியின் பின்புறம் அகலவாக்கில் இருக்கிறது, அதன் வாய் வலது ஓரத்தில் இருக்கிறது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பெட்ரோல் விஷயத்தில் எனக்கு விழுப்புரத்தில் ஒரு பெயர் உண்டு. மற்ற டிரைவர்களுக்கு அந்த வண்டி காலனுக்குப் பதினாறு மைல் கொடுத்தால் எனக்கு இருபத்தைந்து கொடுக்கும். இருபது மைல் வேகத்துக்கு மேல் போகாமல், ஆக்சிலேட்டரைப் பஞ்சு மாதிரி மிதித்து, பிரேக்கைக் கூடுமானவரை தொடாமல், இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவேன். மேடு எங்கே தொடங்குகிறது, அதற்கு எவ்வளவு முன்னால் வேகம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பக்கத்து ரோடுகளில் எனக்கு மனப்பாடம். டிரைவர்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இம்மாதம் 4-ந் தேதி செவ்வாய்க்கிழமை, ஆடி அமாவாசை. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் கரும்புப் பயிர் செய்கிற விருத்தாசலம் என்பவர் தன் மனைவி வெள்ளையம்மாள், வயது சுமார் 26, அவளைப் பெற்ற தாயான தன் மாமியார் கெங்கம்மாள், உறவுப் பெண்கள் இருவர் ஆகியோருடன் மேல்மலையனூர் கோயிலுக்குப் போக விழுப்புரத்தில் என் வண்டியை அமர்த்தினார். கிளம்புமுன் ஷெட்டில் குச்சி விட்டுப் பார்த்தபோது நாலரைக் கோடு இருந்தது. போகும்போது மேல்காற்று முகத்தில் அறைந்தது. வண்டியில் ஆறு பேர். வளத்தி தாண்டிய பிறகு கூட்டத்துக்குள் முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. மேல்மலையனூரில் நிறுத்த இடமில்லாமல், இடது பக்கத்துச் சக்கரங்கள் சரிவில் இறங்கி நிற்க ஏரிக்கரை ஓரமாக வண்டியை விட்டேன். அப்போது பகல் பன்னிரண்டு மணி இருக்கும்.

அதன் பிறகு பெண்கள் அங்கேயே பொங்கல் வைக்க ஏற்பாடு செய்தார்கள். வெள்ளையம்மாள் அடுப்புக்குக் கல் பொறுக்கினார். இரண்டு கல் வைத்தாயிற்று. மூன்றாவது கல்லைப் பெயர்க்கும்போது அடியில் கிடந்த நல்ல பாம்பு வலது மணிக்கட்டில் கடித்துவிட்டது. விருத்தாசலம் தன் துண்டைக் கிழித்து முழங்கைக்கு மேல் கட்டினார். திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் மருந்து இருக்கும் என்று கூட்டத்தில் பலரும் சொன்னார்கள். திண்டிவனம் அங்கிருந்து முப்பத்தோரு மைல்.

உடனே நான் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒன்றரைக் கோடு இருந்தது. என் கணக்குப்படி இரண்டரை இருந்திருக்க வேண்டும். எதிர்க்காற்றும் பாரமும் முதல் கியரும் ஒரு காலனைக் கூடுதலாகக் குடித்துவிட்டன என்று நினைத்தேன். வேகமாக ஓட்டினால் திண்டிவனத்துக்கு இரண்டு காலன் வேண்டும். என் வழக்கப்படி ஓட்டினால் ஒன்றேகால் போதும், திரும்பும்போது காற்றும் முதுகில் தள்ளும். இது அவ்வளவும் குச்சியைத் துடைக்கிற நேரத்துக்குள் என் மனதில் ஓடியது.

எதிரே ஆரணியிலிருந்து வந்த ஒரு டாக்சி நின்றது, அதன் டிரைவரும் சீட்டில்தான் இருந்தார். விருத்தாசலம் அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம், "பெட்ரோல் இருக்குதா பாய்?" என்று கேட்டார். நான், "இருக்குது, ஏறுங்க" என்று சொன்னேன். குறைவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் அந்த வண்டிக்குப் போயிருப்பார். இன்னொருத்தன் செய்வதைவிட நான் நன்றாகச் செய்வேன் என்ற நினைப்பில்தான் அப்படிச் சொன்னேன்.

அதன் பிறகு குச்சியைப் பின் சீட்டுக்கு அடியில் போட்டு, அந்தச் சீட்டில் வெள்ளையம்மாளைப் படுக்க வைத்தோம். கெங்கம்மாள் ஏற வந்தார். பாரம் குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும் என்பதற்காக அவரை ஏற வேண்டாம் என்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ண மடியில சாச்சிக்கினு வர்றேன், என்ன உட்டுட்டுப் போவாதீங்க பாய்" என்றார். நான் அவர் விரல்களைக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன். பெற்ற தாயை நான்தான் இறக்கிவிட்டேன் என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். அப்போது மணி ஒன்றே கால்.

செஞ்சி வரை இருபது மைல் வேகத்தில் வந்தேன். அங்கே பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். அமாவாசைக்கு வந்த வண்டிகள் காலையிலேயே எல்லாவற்றையும் வாங்கித் தீர்த்துவிட்டதாகவும், மறுநாள்தான் வரும் என்றும் அங்கிருந்த ஆள் சொன்னார். விருத்தாசலம், "இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றார். "சும்மா கேட்டேன்" என்று இரண்டாவது தடவையும் பொய் சொன்னேன். அங்கே தரை மட்டமாக இருந்தது. இன்னொரு முறை அளந்து பார்த்திருக்கலாம். ஆனால் குச்சி அந்த அம்மாளுக்கு அடியில் கிடந்தது, அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அளந்ததை மறுபடி அளக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

செஞ்சி தாண்டியதும் வெள்ளையம்மாளுக்கு இமை தொங்கிவிட்டதாகவும் பேச்சு குழறுவதாகவும் விருத்தாசலம் சொன்னார். அவர், "மாட்டு வண்டிகூட நம்மளத் தாண்டிப் போயிடும் போல இருக்குதே, ஜல்தி போங்க பாய், உங்க கால வேணும்னாலும் புடிக்கிறேன்" என்று கெஞ்சினார். நான் வேகத்தைக் கூட்டவில்லை. வழியில் தீராமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த அம்மாளுக்கு நல்லது என்று நம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டால் கதி என்ன என்ற பயத்தில் என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒரு மேட்டின் உச்சியில் வழக்கப்படி எஞ்சினை அணைத்து உருட்டினேன். எஞ்சின் சத்தம் நின்றதும் பின்னால் அந்த அம்மாள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பரண் ஏணியில் மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் மூச்சு மாதிரி இருந்தது. அவர், "ஏன் வண்டி நின்னுபோச்சி?" என்று கேட்டார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதன் பிறகும் நான் மூன்று இறக்கங்களில் எஞ்சினை அணைத்தேன். ஒவ்வொரு தடவையும் மூச்சுச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு தடவையும் இடைவெளி கூடியிருந்தது. தீவனூர் தாண்டி, திண்டிவனத்துக்கு நாலு மைல் இருக்கும்போது கடைசி இறக்கம். அதில் எஞ்சினை அணைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. விருத்தாசலம் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு மனைவியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

அதன் பிறகு எஞ்சினைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். ஐம்பது மைல் வேகம் போயிருக்கும். இனிப் பெட்ரோல் தீர்ந்தால் தீரட்டும் என்றுதான் ஓட்டினேன். ஆனால் தீரவில்லை. ஒரு தடவைகூட எஞ்சின் இருமவில்லை. அப்போதுதான் முதல் முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேரும்போது மணி இரண்டே முக்கால். உயிர் போய்ச் சில நிமிஷம் ஆகிறது, அரை மணிக்கு முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாளை உள்ளே எடுத்துப்போன பிறகு, வாசலில் சிமெண்டுத் தரையில் நின்ற வண்டியின் பின் சீட்டைத் தூக்கிக் குச்சியை எடுத்து டாங்கியில் விட்டேன். ஒரு கோட்டுக்கு மேல் நனைந்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன், அதேதான். முப்பத்தோரு மைல் ஓடிய பிறகு ஒரு காலனுக்கு மேல் மிச்சம் இருந்தது.

மறுநாள் 5-ந் தேதி, நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டித் தன் மனைவியைச் சாகவிட்டதாக விருத்தாசலம் இந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்ததாகத் தெரிந்தது. முதலாளி முருகையன் என்னைக் கூப்பிட்டு, "பிளக் அடைச்சிக்கினு வண்டி இழுக்கலன்னு சொல்லிட்டு வா. குச்சியப் பத்தி உன்ன யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். லைசென்சு போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஷெட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் அந்த மூச்சு பின்சீட்டிலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. மறுபடி எஞ்சினைப் போட்டேன், மூச்சுச் சத்தம் நின்றது. நூர்நிஷா வந்து என்ன என்று கேட்கும் வரை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு 6-ந் தேதி, டின்னில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு மேல்மலையனூர் போனேன். ஏரிக்கரைக்குக் கீழே மட்டமான ரோட்டில் வண்டியை நிறுத்தி, டாங்கியில் மிச்சம் இருந்ததுடன் சரியாக இரண்டரைக் கோடு நனையும் வரை ஊற்றினேன். பிறகு வண்டியை ஏரிக்கரைக்கு ஏற்றி, அன்று நின்ற சக்கரத் தடத்திலேயே, இடது பக்கம் தாழ நிறுத்திக் குச்சியை விட்டேன். ஒன்றரைக் கோடு காட்டியது. பெட்ரோல் இடது பக்கத்துக்கு ஓடிப்போய் நிற்கிறது, குச்சி விடுகிற வாய் வலது பக்கத்தில் மேடாகிவிடுகிறது. ரோட்டில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் தெரியும் என்று பீற்றிக்கொண்ட எனக்கு, வண்டி நின்ற இடத்துச் சாய்வு தெரியவில்லை. எத்தனை வேகமாக வேண்டுமானாலும் போயிருக்கலாம். இரண்டு மணிக்கெல்லாம் டீக்கடைக்காரன்கூட ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான்.

அங்கே அந்த அம்மாள் வைத்த இரண்டு கற்களும் வைத்தபடியே இருந்தன. மூன்றாவது கல் புரண்டு கிடந்தது. நான் அவற்றைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது ஓர் இறக்கத்தில்கூட எஞ்சினை அணைக்கவில்லை. இனி அணைக்கவும் மாட்டேன்.

புகாரில் கண்டபடி வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாயா என்று கேட்டதற்கு, ஆம், வேண்டுமென்றேதான் ஓட்டினேன். சாகவிட வேண்டும் என்று ஓட்டினாயா என்று கேட்டதற்கு, இல்லை, பிழைக்க வைக்கத்தான் ஓட்டினேன். புகார்தாரர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குச்சியில் அளந்ததில்தான் தப்பு நேர்ந்தது என்று அவருக்கும் கெங்கம்மாளுக்கும் தெரியப்படுத்த வேண்டுமா, தெரியாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லதா என்று எனக்குப் புரியவில்லை. சர்க்கார் முடிவு செய்யட்டும்.

ஆறு கோடு கீறிய மூங்கில் குச்சி ஒன்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. எழுதியதை ஹெட் கான்ஸ்டபிள் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் பார்த்ததும் செய்ததும் இதில் உள்ளபடிதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) மொய்தீன் பிச்சை

குறிப்பு: வாக்குமூலம் முடிந்தபின் மேற்படியாரை வண்டியை ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னதில், கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சொன்னதற்கு இறங்கி நின்றுகொண்டு, தன்னால் முடியாது என்றும் வேறு யாராவது அணைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். நான் அணைத்தேன்.

(ஒப்பம்) அந்தோணிசாமி, ஹெட் கான்ஸ்டபிள்