பன்னிரண்டு டேப்பட்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் லாரி ஷெட், 1974. ஃபிட்டர் யேசுதாஸ் புதுக் கேம் ஷாப்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஆயில் இல்லாமல் வண்டி ஓட்டி என்ஜினைக் கெடுத்ததாக மூன்று வாரமாய் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த டிரைவர் பச்சையப்பன், என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காலையில்தான் என்ஜினைப் பிரித்திருந்தார்கள்.

பச்சையப்பன்: ...அப்ப பழைய டேப்பட்டெல்லாம் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?

யேசுதாஸ்: புது ஷாப்ட்டுக்குப் புது டேப்பட்தான். அந்த டப்பாவ இப்டித் தள்ளு.

பச்சையப்பன்: பாக்க நல்லாத்தானப்பா கீது.

யேசுதாஸ்: திருப்பிப் பாரு. அடிப்பக்கம்.

பச்சையப்பன்: ...அம்மைத் தழும்பு மாரி கீது.

யேசுதாஸ்: பழைய ஷாப்ட்டப் பாரு. இந்த மேடு ஒவ்வொண்ணும் ஒரு டேப்பட்டத் தூக்கும், அது வால்வத் தொறக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு பழகிக்கும். கழட்டினா அதது குழியிலேயே திருப்பிப் போடணும். மாத்திப் போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும்.

பச்சையப்பன்: புருசன் பொஞ்சாதி மாரின்னு சொல்லு.

யேசுதாஸ்: சிரிக்காத பச்சை.

பச்சையப்பன்: நான் எங்க சிரிச்சேன்... மூணு வாரமா ஊட்ல குந்திக்கினு கீறேன்.

யேசுதாஸ்: கங்கம்மா இன்னா சொல்லுது?

பச்சையப்பன்: ஆயில் பாக்காம ஓட்டினியான்னு ஒரு தபா கேட்டா. பொஞ்சாதியே கேட்டுட்டா... அதோட சரி.

யேசுதாஸ்: நீ பாத்துதான் ஓட்டிக்கீற.

பச்சையப்பன்: எப்டிச் சொல்ற?

யேசுதாஸ்: ஆயில் இல்லன்னா மொதல்ல பேரிங்கு கருகும். எல்லாம் பளபளன்னு கீது. கோளாறு டேப்பட்ல. போன தை மாசம் இதே ஷாப்ட்டக் கழட்டி மாட்டினது யாரு?

பச்சையப்பன்: அத்த உடு. தொடைக்கத் துணி வேணுமா?

யேசுதாஸ்: யாருன்னு கேட்டேன்.

பச்சையப்பன்: நீதான்... இப்ப இன்னாத்துக்கு அது?

யேசுதாஸ்: வரிசையா அடுக்கி வச்ச தட்டு என் கை பட்டு உழுந்துச்சு. பன்னெண்டும் உருண்டு போச்சு. எது எந்தக் குழின்னு தெரியல... குத்துமதிப்பா சொருகிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உன்ன நிறுத்தின அன்னிக்கும் சொல்லல.

பச்சையப்பன்: இந்தா, துணி. கையத் தொடச்சிக்கோ.

யேசுதாஸ்: திட்டேன்பா.

பச்சையப்பன்: மொதல்ல அந்தப் பல்சக்கரத்து மார்க்க சேரு. ஒரு பல்லு தள்ளி நிக்குது.

யேசுதாஸ்: ...சேந்துடுச்சு. மத்தியானம் நான் சாப்புடப் போவல பச்சை. ஆபீசுக்குப் போனேன். தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளிக்கு உன்ன வேலைக்குக் கூப்புடுவாங்க.

பச்சையப்பன்: எழுதிட்டியா... உனக்கு இன்னா ஆவும்?

யேசுதாஸ்: ஆவறது ஆவட்டும். அன்னிக்கு ஒருத்தன் பாத்திருந்தா, அப்பவே சொல்லித் தொலைச்சிருப்பேன்.

பச்சையப்பன்: பாத்தேன்.

யேசுதாஸ்: இன்னா பாத்த?

பச்சையப்பன்: வண்டிக்கு அடியில கிரீஸ் அடிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு டேப்பட் என்னாண்ட உருண்டு வந்துச்சு. உன் கைக்கு எட்டுறாப்ல நான்தான் தள்ளி உட்டேன்.

யேசுதாஸ்: தெரிஞ்சுமா... மூணு வாரம் வாயத் தொறக்கல?

பச்சையப்பன்: உன் பொஞ்சாதி கிரேஸ அடக்கம் பண்ணிட்டு நாலாம் நாளு வேலைக்கு வந்துட்ட. அன்னிக்கு உன் கை நடுங்கினு இருந்துச்சு... அத்த நான் எந்த ஆபீசுல போயி எழுதிக் குடுக்கறது?